கரைநீரை விண்ணிலிருந்து அளப்பது: ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் சென்சாருக்கு அளவுத்திருத்தம் ஏன், எப்படி?

செயற்கைக்கோள் கடலைப் பார்க்கும்போது அதன் சென்சாரில் விழும் ஒளியில் பெரும்பங்கு கடலுக்குள் போய் வந்ததே அல்ல. சூரிய ஒளியில் ஒரு பகுதி காற்றில் சிதறி, தண்ணீரைத் தொடாமலே மேலே திரும்பிவிடுகிறது. இன்னொரு பகுதி அலைகளின் மேல் பட்டுப் பளபளத்துத் திரும்புகிறது. நீருக்குள் புகுந்து, பாசியையும் வண்டலையும் சந்தித்து, நிறம் மாறி வெளியே வருவது தெளிந்த கடலில்கூட, நீல அலைநீளங்களில், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நமக்கு வேண்டியது அந்த ஒரு பங்கு மட்டுமே.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீல நிறமான 443 நானோமீட்டரில் சென்சாருக்கு வரும் ஒளி 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். அதில் காற்றும் தூசும் நீர்ப்பரப்பும் தந்தது 90, நீர் தந்தது 10. சென்சார் 2 சதவீதம் கூட்டிச் சொன்னால் 102 வரும். 90-ஐக் கழித்தால் மிச்சம் 12. மேலே 2 சதவீதமாக இருந்த பிழை கீழே வரும்போது 20 சதவீதமாகிவிட்டது.

கழிமுகத்தில் நிலைமை இன்னும் மோசம். மட்கிய இலைதழை ஊறிப் பழுப்பேறிய நீர் நீல ஒளியை விழுங்கிவிடும். அங்கே நீரின் பங்கு 3 அலகுதான், மொத்தம் 93 என்றால், அதே 2 சதவீதப் பிழை 60 சதவீதத்தைத் தாண்டிவிடும். சென்சார் 4 சதவீதம் குறைத்துச் சொன்னாலோ, 89.28 வரும், 90-ஐக் கழித்தால் எதிர்மறை எண். தண்ணீர் எதிர்மறை ஒளியை வெளியிடுகிறது என்று எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

தெளிந்த கடலில் நீல ஒளியை 5 சதவீதத்துக்குள் அறிய வேண்டும் என்பது கடல்நிற ஆய்வில் வெகுகாலமாக இருக்கும் இலக்கு. மேலே உள்ள கணக்கின்படி, அதற்குச் சென்சார் 0.5 சதவீதத்துக்குள் சரியாக இருக்க வேண்டும். ஆய்வகத்திலும் சுற்றுப்பாதையிலும் எவ்வளவு கவனமாக அளந்தாலும் 2, 3 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது பெரும்பாடு. அளவுத்திருத்தம், அதாவது பேச்சில் எல்லோரும் சொல்லும் கேலிபரேஷன், இத்தனை அடுக்குகளாக நடப்பது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

கரைக்கு ஏன் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்

நடுக்கடலில் நிறத்தை மாற்றுவது பெரும்பாலும் மிதவைப் பாசிதான். நாலைந்து நிறப்பட்டைகள் இருந்தாலே அதன் அளவைச் சொல்லிவிடலாம். கரையோரத்தில் பாசி, வண்டல், பழுப்பேற்றும் கரைபொருள் மூன்றும் கலந்து கிடக்கும். ஆழம் குறைந்த இடத்தில் அடித்தரையும் தெரியும். இவற்றைப் பிரித்தறிய நிறமாலையின் நுட்பமான வளைவுகள் வேண்டும். பச்சையம் 440, 675 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். 685 அருகே தானே மெல்ல ஒளிரும். நீலப்பச்சைப் பாசியின் ஃபைகோசயனின் என்ற நிறமி 620 அருகே ஒரு பள்ளம் தோண்டும். இந்தப் பள்ளமேடுகளைத் தொடர்ச்சியாகப் பார்க்க, சில நானோமீட்டருக்கு ஒரு பட்டை என்று நூற்றுக்கணக்கில் பட்டைகள் கொண்ட சென்சார்தான் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் 2014 வரை இயங்கிய ஹைக்கோ, கரைக்கடலுக்கென்றே செய்யப்பட்டது. அங்கேயே 2018-இல் டெசிஸ் பொருத்தப்பட்டது. இத்தாலியின் பிரிஸ்மா 2019-இலும் ஜெர்மனியின் என்மேப் 2022-இலும் ஏவப்பட்டன. இரண்டுக்கும் பிக்சல் 30 மீட்டர். நாசாவின் பேஸ் செயற்கைக்கோள் 2024 பிப்ரவரியில் போனது. அதன் ஓசிஐ கருவி கடலுக்காகவே வடிவமைக்கப்பட்டது, ஆனால் பிக்சல் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 30 மீட்டர் கருவிகள் முதன்மையாக நிலத்தை நினைத்துக் கட்டப்பட்டவை. வெளிச்சமான மண்ணுக்குப் போதுமான துல்லியம் இருண்ட நீருக்குப் போதாது என்பதை அந்தப் படங்களை எடுத்துக் கடலில் வேலை செய்பவர்கள் சீக்கிரமே கண்டுகொள்வார்கள்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

என்மேப் போன்ற கருவியில் தொலைநோக்கி சேர்த்த ஒளி ஒரு மெல்லிய பிளவு வழியே நுழைகிறது. அந்தப் பிளவு, தரையில் பயணப் பாதைக்குக் குறுக்கே ஒரு கோட்டைப் பார்க்கிறது. உள்ளே பட்டகமோ கீற்றணியோ அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் நிறங்களாக விரித்து, ஒரு செவ்வக உணரித் தட்டின் மேல் போடுகிறது. தட்டின் ஒரு பக்கம் இடம், மறுபக்கம் அலைநீளம். செயற்கைக்கோள் நகர நகர, கோடு கோடாகப் படம் வளர்கிறது.

30 கிலோமீட்டர் அகலத்தை 30 மீட்டராகப் பிரித்தால் 1000 நெடுவரிசைகள். பட்டைகள் 200-க்கு மேல். ஆக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உணரிக் கலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி இருட்டளவு, தனி உணர்திறன், தனி அலைநீளம். “சென்சாரை அளவுத்திருத்தம் செய்தோம்” என்று ஒருமையில் சொல்வது பேச்சு வசதிக்குத்தான். ஓசிஐ இந்த வகை அல்ல. அதன் தொலைநோக்கி சுழன்றுகொண்டே பார்ப்பதால், குறுக்கே உள்ள எல்லாப் பிக்சலையும் ஒரே உணரி பார்க்கிறது. படத்தில் நெடுங்கோடுகள் விழும் தொல்லை அதற்கு மிகக் குறைவு.

இருட்டு

முதல் வேலை எளிது. மூடியை அடைத்துவிட்டு, ஒளியே இல்லாதபோது ஒவ்வொரு கலமும் என்ன எண் சொல்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். படம் எடுப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. இரண்டுக்கும் நடுவே நேரத்தை வைத்து இடைமதிப்பு கண்டு கழிக்க வேண்டும். சிலிக்கான் உணரியில் இருட்டு மின்னோட்டம் ஏறத்தாழ 7 டிகிரி வெப்பம் ஏறினால் இரட்டிப்பாகிவிடும். அதனால் ஒருமுறை எடுத்த இருட்டளவை வாரக்கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. நிலத்துப் படத்தில் கண்ணில் படாத இருட்டுப் பிழை, கடல் படத்தில் மேலிருந்து கீழாக ஓடும் கோடுகளாகத் தெரியும்.

அலைநீளம்: பலர் தாண்டிப் போகும் படி

வெளிச்சத்தைத் திருத்துவதற்கு முன் அலைநீளத்தைத் திருத்த வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. 443 என்று பெயர் எழுதிய பட்டை உண்மையில் 444.5-இல் இருந்தால், அதன் வெளிச்சத்தை எதனுடன் ஒப்பிட்டாலும் தவறான இடத்தில்தான் ஒப்பிடுகிறோம்.

ஆய்வகத்தில், ஒற்றை நிற ஒளி தரும் கருவியாலோ அலைநீளம் மாற்றக்கூடிய லேசராலோ ஒவ்வொரு பட்டையின் நடுப்புள்ளியும் அகலமும் அளக்கப்படும். ஆனால் ஏவுதலின் அதிர்வு, எடையின்மை, வெப்பநிலை மாற்றம் எல்லாம் சேர்ந்து ஒளிப்பாதையை மயிரிழை நகர்த்திவிடும். மேலே போனபின் இயற்கையே அளவுகோல் தருகிறது. வளிமண்டல ஆக்சிஜன் 760, 687 நானோமீட்டர் அருகே ஆழமாக உறிஞ்சுகிறது. சூரிய ஒளியிலேயே 393, 397, 486, 656 அருகே கறுப்புக் கோடுகள் உண்டு. இவற்றின் இடம் மாறவே மாறாது.

செய்முறை இது. ஒரே சீராக வெளிச்சமாக உள்ள பாலைவனப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் இதற்கு ஆகாது. 760-இல் நீர் மிக இருட்டு. மேகமும் ஆகாது, அதற்குள் ஒளி கடக்கும் தூரம் நிச்சயமில்லை. ஆக்சிஜன் பட்டையைச் சுற்றி எதிர்பார்க்கும் நிறமாலையை, சென்சாரின் பட்டை அகலத்தைவிடப் பல மடங்கு நுட்பமான இடைவெளியில், கதிர்ப்பரவல் மாதிரி (காற்றின் வழியே ஒளி எப்படிக் கடக்கிறது என்று கணிக்கும் மென்பொருள்) மூலம் கணக்கிடுங்கள். அதைச் சென்சாரின் பட்டை வடிவத்தால் மழுக்கி, −2 முதல் +2 நானோமீட்டர் வரை 0.1 படியாக நகர்த்திப் பாருங்கள். எந்த நகர்வில் அளந்ததும் கணக்கிட்டதும் மிக நெருங்குகின்றனவோ, அதுவே அந்த நெடுவரிசையின் பிழை. பிறகு அடுத்த நெடுவரிசை. இப்படி ஆயிரம்.

வரைந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு வில் கிடைக்கும். நடுவில் ஒரு மதிப்பு, இரு ஓரங்களிலும் வேறு. சிரித்த வாய் போல வளைந்திருப்பதால் இதற்கு ஸ்மைல் என்றே பெயர். இதைக் கவனிக்காவிட்டால், படத்தின் நடுவில் உள்ள நீருக்கும் ஓரத்தில் உள்ள நீருக்கும் இல்லாத ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடித்து மகிழ்வோம்.

இங்கே ஒரு பொறி உண்டு. கோடுகளின் அலைநீள அட்டவணைகள் சிலவற்றில் காற்றில் உள்ள மதிப்பும், சிலவற்றில் வெற்றிடத்தில் உள்ள மதிப்பும் இருக்கும். ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு காற்றில் 656.28, வெற்றிடத்தில் 656.46. தரையில் ஒன்றையும் விண்வெளிக்கு மற்றொன்றையும் கலந்து பயன்படுத்தினால், கிட்டத்தட்ட 0.2 நானோமீட்டர் பிழையை நாமே நுழைத்துவிடுவோம். பிறகு அதைத் தேடி நாட்கள் போகும்.

வெளிச்சம்: உருண்டை, தகடு, நிலா

ஆய்வகத்தில் வெளிச்சத்துக்கு அளவுகோல் ஒரு பெரிய உள்ளீடற்ற உருண்டை. உட்சுவர் முழுக்க வெண்பூச்சு, உள்ளே ஹாலஜன் விளக்குகள்; ஒளி பலமுறை சிதறி, வாசலில் சீராக வெளிவரும். அந்த வெளிச்சத்தின் அளவு தேசிய அளவியல் நிறுவனத்தின் விளக்கோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கும். குறை என்னவென்றால், ஹாலஜன் விளக்கு சிவப்பில் கொழுத்து நீலத்தில் மெலிந்தது. கடல் படமோ நேர்மாறு. அங்கே நீலம் ஓங்கி, சிவப்பு மங்கிக் கிடக்கும். விளக்கின் சிவப்பு ஒளியில் கொஞ்சம் உள்ளே வழிதவறி நீலக் கலங்களில் விழுந்தால், நீலத்தின் உணர்திறன் உண்மையைவிட அதிகம் என்று எழுதிவிடுவோம். கடலின் மேல் போனதும் நீலம் குறைவாக வரும். தொடக்கத்தில் சொன்ன எதிர்மறை எண்களுக்கு ஒரு வழி இது.

சுற்றுப்பாதையில் உணர்திறன் தேய்வதைக் கண்காணிக்க, சூரிய ஒளியை வெண்தகடு ஒன்றின் மேல் விழவைத்து அதைப் பார்ப்பார்கள். அந்தத் தகடே புற ஊதாக் கதிரால் மெல்லப் பழுக்கும், அதிலும் நீலத்தில் முதலில். அப்போது மங்கியது சென்சாரா தகடா? இரண்டு தகடு வைப்பதுதான் விடை. ஒன்றை அடிக்கடி வெயிலில் காட்டுவது, மற்றதை அரிதாகக் காட்டுவது. இரண்டின் வித்தியாசமே பழுத்த அளவு. ஓசிஐ ஒரு தகட்டை நாள்தோறும் இன்னொன்றை மாதம் ஒருமுறையும் பயன்படுத்துகிறது. மூன்றாவது சாட்சியாக நிலாவையும் மாதம் இருமுறை பார்க்கிறது.

நிலாவின் சிறப்பு, அதற்குக் காற்றும் இல்லை, மழையும் இல்லை. அதன் மேற்பரப்பு நம் காலக்கணக்கில் மாறுவதே இல்லை. ஆனால் அதன் வெளிச்சம் எவ்வளவு என்பது சில சதவீத ஐயத்தோடுதான் தெரியும். ஆகவே நிலாவைத் தேய்மானம் பார்க்கத்தான் பயன்படுத்துகிறார்கள். முழு அளவை அது சொல்லாது. ஒவ்வொரு முறையும் ஒரே பிறைநிலையில் பார்த்தால் மாதிரியின் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சீவிஃப்ஸ் என்ற கடல்நிறச் சென்சார் மாதாமாதம் முழுநிலவுக்கு ஒட்டி, நிலாவிலிருந்து பார்க்கையில் சூரியனுக்கும் சென்சாருக்கும் இடையே ஏறத்தாழ 7 டிகிரி கோணம் இருக்கும்போது பார்த்தது இதற்காகத்தான்.

தொடக்கநிலையில் அதிகம் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை மறப்பது. ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகே, ஜூலையில் தொலைவே. வரும் ஒளி இவற்றுக்கிடையே ஏறத்தாழ 7 சதவீதம் மாறும். தூரத்தைச் சேர்க்காமல் வரைந்தால் சென்சார் ஆண்டுதோறும் ஏறி இறங்குவது போலத் தெரியும். மற்றது, சூரிய நிறமாலைக்கு ஓரிடத்தில் ஒரு தரவும் இன்னோரிடத்தில் வேறொரு தரவும் எடுப்பது. பழைய தரவுகளும் 2021-இல் வெளியான டிசிஸ்-1 தரவும் சில அலைநீளங்களில் கணிசமாக வேறுபடும். எந்தத் தரவானாலும் தொடக்கம் முதல் முடிவு வரை அதுவே இருக்க வேண்டும்.

வழிதவறிய ஒளி

கரையோரத்தில் என்னைக் கேட்டால் இதுதான் பெரிய எதிரி. அகச்சிவப்புக்கு அருகே பசுமையான நிலம் வெயிலில் 40 சதவீதம் எதிரொளிக்கும். பக்கத்துத் தண்ணீர் 1 சதவீதம். கருவிக்குள் கண்ணாடி விளிம்புகளிலும் தூசியிலும் பட்டு நிலத்து ஒளியில் வெறும் 0.5 சதவீதம் நீர்ப் பிக்சலுக்குள் சிந்தினால், அது 0.2 சதவீத எதிரொளிப்பு. நீரின் சொந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு. அதைப் பார்த்து, கரையை ஒட்டிய நீரில் வண்டல் அதிகம் என்று எழுதினால் நம்புவதற்கு ஆளும் கிடைக்கும், ஏனென்றால் கரையோரம் கலங்கலாக இருப்பது இயல்புதானே.

குழப்பம் கூடுவது, காற்றும் இதே வேலையைச் செய்வதால். நிலத்து ஒளி காற்றில் சிதறி, சில கிலோமீட்டர் தள்ளியுள்ள நீரின் மேலும் வந்து சேரும். இரண்டில் கருவியின் பங்கு எது என்று பிரிக்க மறுபடியும் நிலாதான். கறுப்பு வானத்தில் அதன் விளிம்பைத் தாண்டிய பிக்சல்களில் ஒளி தெரிந்தால், அங்கே காற்று இல்லை, எனவே அது முழுக்கக் கருவியின் கசிவு. விளிம்பிலிருந்து எத்தனை பிக்சல் வரை கசிவு நீள்கிறது என்று அளந்து, அந்த வடிவத்தைப் படத்திலிருந்து தலைகீழாகக் கழிக்கலாம்.

கீற்றணி வைத்த கருவிகளில் இன்னொரு கசிவும் உண்டு. கீற்றணி ஒரே ஒளியைப் பல வரிசைகளாக விரிக்கும்; 400 நானோமீட்டர் ஒளியின் இரண்டாம் வரிசை, 800 விழ வேண்டிய இடத்தில் வந்து விழும். ஹைக்கோ தரவில் இதற்கென்று தனித் திருத்தமே செய்ய வேண்டியிருந்தது. ஆழமற்ற வெண்மணல் மேல், நீலம் ஓங்கிய நீரில், சிவப்புக்கு அப்பால் காரணமில்லாமல் ஒரு மேடு தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

கடலையே அளவுகோலாக்குவது

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் ஓரிரு சதவீதத்தைப் போக்கத்தான் கடைசிப் படி. ஹவாய்த் தீவுகளில் லனாய் அருகே 1997 முதல் மோபி என்ற மிதவை நிற்கிறது. தூசு குறைந்த காற்று, தெளிந்த சீரான நீர். அதன் கைகள் வெவ்வேறு ஆழத்தில் ஒளியை நுட்பமான நிறமாலையாக அளந்து, நீரிலிருந்து வெளிவரும் ஒளி எவ்வளவு என்று சொல்கின்றன. செயற்கைக்கோள் மேலே கடக்கும் நேரத்து அளவை எடுத்து, அதன்மேல் காற்றின் பங்கைக் கணக்கிட்டுச் சேர்த்தால், சென்சார் என்ன பார்த்திருக்க வேண்டும் என்பது கிடைக்கும். கணக்கு 64.0 என்றும் சென்சார் 65.6 என்றும் சொன்னால், பெருக்குக் காரணி 0.976. இப்படிப் பல நாட்களின் காரணிகளைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். நல்ல நாட்கள் சில டஜன் சேரும் வரை சராசரி ஆடிக்கொண்டே இருக்கும். மேகம், பளபளப்பு, காற்று என்று பெரும்பாலான நாட்கள் கழிந்துபோவதால், சொல்லி வைத்துப் படம் எடுக்கும் குறுகிய பார்வைக் கருவிகளுக்கு இது ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

முதலில் அகச்சிவப்புக்கு அருகிலுள்ள பட்டைகளுக்குக் காரணி கண்டு, பிறகே நீலம், பச்சைக்கு வர வேண்டும். தூசின் அளவை அந்தப் பட்டைகளிலிருந்துதான் ஊகிக்கிறோம். அது தவறினால் நீலம் முழுக்கத் தவறும். நடுக்கடலில் அந்த அலைநீளங்களில் நீர் கிட்டத்தட்ட கறுப்பு என்பது இதற்கு உதவும்.

தொடக்கத்தில் புரிந்துகொள்ளச் சிரமமான இடம் இது: இந்தக் காரணி சென்சாருக்கு மட்டும் சொந்தமல்ல, சென்சாரும் காற்றைக் கழிக்கும் மென்பொருளும் சேர்ந்த ஜோடிக்குச் சொந்தம். ஒரு மென்பொருளுக்குக் கண்ட காரணியை இன்னொன்றில் போட்டால் பிழை குறைவதற்குப் பதில் கூடலாம். ஹைப்பர்ஸ்பெக்ட்ரலில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பட்டைக்குப் பட்டை காரணி சற்றே துள்ளினால், அந்தத் துள்ளல் அப்படியே எல்லாக் கடல் படத்திலும் அச்சாகி, பாசியின் உறிஞ்சல் போல நடிக்கும். அதனால் ஆக்சிஜன், நீராவி பட்டைகளின் அருகே கிடைக்கும் காரணிகளை நம்பாமல் விட்டுவிட்டு, மற்றவற்றின் ஊடே மென்மையான வளைவைப் பொருத்துவது நல்லது.

கரைநீரைக் கண்காணிக்கும் கருவியைக் கரையிலேயே வைத்துத் திருத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். கூடாது. அங்கே நீர் மணிக்கு மணி மாறும், தூசின் வகை தெரியாது, அகச்சிவப்பில் நீர் கறுப்பும் அல்ல. கரை, திருத்திய பின் சரிபார்க்கும் இடம்.

கரையில் சரிபார்ப்பது

வெனிஸ் அருகே அக்வா ஆல்டா கோபுரம் போன்ற கடல்மேடைகளில் தானியங்கி ஒளிமானிகள் இதைச் செய்கின்றன. படகில் கைக்கருவியோடு போகிறீர்கள் என்றால் முறை இதுதான்: செங்குத்திலிருந்து 40 டிகிரி சாய்த்து, சூரியன் உள்ள திசையிலிருந்து 135 டிகிரி விலகி நீரைப் பார்க்க வேண்டும். அதே சாய்வில் மேலே வானத்தையும் பார்க்க வேண்டும். நீரில் பிரதிபலித்த வானத்தின் பங்கைக் கழிக்க, காற்று நொடிக்கு 5 மீட்டருக்குக் கீழே இருந்தால், வான அளவை 0.028-ஆல் பெருக்கிக் கழிக்கலாம். படகின் நிழலும் அதன் வெள்ளைச் சுவரின் எதிரொளியும் கெடுக்காத இடத்தில், முனையில் நின்று எடுக்க வேண்டும்.

நடுக்கடலில் செயற்கைக்கோள் கடப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பின் எடுத்த அளவையும் ஏற்பார்கள். ஓதம் ஏறி இறங்கும் கழிமுகத்தில் அது அபத்தம். அரை மணிக்குள் எடுப்பது நல்லது. ஒரே பிக்சலை ஒப்பிடாமல் 3×3 பிக்சல்களின் சராசரியை எடுங்கள். தற்செயல் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும். அந்த ஒன்பதும் தங்களுக்குள் 15 சதவீதத்துக்கு மேல் சிதறிக் கிடந்தால், அந்த இடத்தையே ஒதுக்கிவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்த்து, 412 நானோமீட்டரில் கழிமுக நீர் எதிர்மறையாக வந்தால், குற்றம் சென்சாரிலா காற்றுத் திருத்தத்திலா என்று உடனே தெரியாது. அதே படத்தில், அதே நெடுவரிசைகளில், கரையிலிருந்து தள்ளியுள்ள தெளிந்த நீலநீரைப் பாருங்கள். அங்கேயும் 412 தாழ்ந்திருந்தால் அளவுத்திருத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே சரியாக இருந்து, கலங்கல் பகுதியில் மட்டும் தாழ்ந்தால், வண்டலின் அகச்சிவப்பு ஒளியைத் தூசு என்று எண்ணி மென்பொருள் அளவுக்கு மீறிக் கழித்திருக்கிறது; 1240, 1640 போன்ற நீண்ட அலைநீளங்களில் தூசைக் கணிக்கும்படி மாற்றிப் பாருங்கள். 760-இல் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமும் ஜோடியாகத் தெரிந்தால், வெளிச்சக் காரணியைத் தொடவே வேண்டாம். அலைநீளம் நகர்ந்திருக்கிறது, அந்தப் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.